டூர் தேதியைக் கண்மாயிடம் கேளுங்கள், சார்

ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், வருடா வருடம் டூர் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அந்த ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை இந்த வருடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நம் மாவட்டத்துப் பறவைக் கண்மாய்களில் ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள். இதைக் கேட்பதற்கு மட்டும் என்றால் இத்தனை நீளக் கடிதம் வேண்டாம், வாட்ஸப்பில் இரண்டு வரி போதும். நான் கேட்பது அதோடு சேர்ந்த இன்னொன்று: தேதியை இப்போதே குறித்துவிடாதீர்கள்.

டூர் எப்படி முடிவாகிறது என்பது பெற்றோர் எங்களுக்கும் தெரியும். வேன்காரர் எந்த சனிக்கிழமை காலி என்கிறாரோ அது தேதி, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, நோட்டீஸ் வந்தாயிற்று, கொடைக்கானல் அல்லது மதுரைப் பக்கம் ஏதாவது ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. அதைக் குறை சொல்ல வரவில்லை, பிள்ளைகள் சறுக்கி விழுந்து கும்மாளம் போடட்டும், அதற்கும் வயது இருக்கிறது. கொடைக்கானல் ஏரி ஜூனில் போனாலும் இருக்கும், டிசம்பரில் போனாலும் இருக்கும். நம் கண்மாய் அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டினால் அது கடல், பொய்த்தால் வெடித்த தரையும் கருவை மரமும்தான். தேதியை முதலில் குறித்துவிட்டு அதற்குக் கண்மாயை வளைக்கப் பார்த்தால், பிள்ளைகள் ஆடு மேய்வதைப் பார்த்துவிட்டு வருவார்கள். அப்புறம் "அங்கே ஒண்ணுமே இல்ல சார்" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அடுத்த பத்து வருடத்துக்கு எந்த ஆசிரியரும் அந்தப் பக்கம் பேருந்தைத் திருப்ப மாட்டார்.

நம்மிடம் என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம் ஆட்களிடமே சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், இரண்டும் 1989இல் சரணாலயமானவை. கடலாடிப் பக்கம் மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், 1998இல் அறிவித்தது, சுமார் 593 ஹெக்டேர், பரப்பில் நம் மாவட்டத்துப் பறவைக் கண்மாய்களில் இதுதான் பெரியது. நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல், 2010. ராமநாதபுரம் ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டை, 2012. இவற்றில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் ராம்சர் பட்டியலுக்குள் போயின. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது, 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது. தண்ணியில்லாக் காடு, தண்டனைக்கு மாற்றல் கொடுக்கிற ஊர் என்று நம்மைச் சொல்கிறவர்களுக்கு ஒரே மாவட்டத்தில் நான்கு கண்மாய்கள் ஈரநிலப் பட்டியலில் இருப்பது தெரியாது. அவர்களை விடுங்கள், நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியாது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். நாரையால் ஒரே மூச்சில் கடக்க முடியாத நீளம் என்று பெருமை பேசுவோமே தவிர அந்த நாரை எந்த மாதம் வருகிறது என்று கேட்டால் விழிப்போம்.

நான் கடலோரத்துக்காரன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சூடையும் சாளையும் தெரியும், காற்று எப்போது திரும்பும் என்பது தெரியும், கரையில் வலை உதறும்போது கூட்டமாக வந்து இறங்கும் கடற்காகங்களைத் தெரியும். ஒரு மணி நேரம் உள்ளே போனால் ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை மரத்துக்கு மரம் கூடு கட்டிக் குடும்பம் நடத்துவதை அவர்கள் பார்த்ததில்லை. மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கடல் எப்படிப் புதிதோ அப்படித்தான் இதுவும்.

சரி, தேதி விஷயம். பறவைகள் தண்ணீரை நம்பி வருகின்றன என்று பொதுவாகச் சொல்வோம், அது பாதிதான். நாரையும் கூழைக்கடாவும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் கூடு கட்டும், அதுவும் மரத்தின் அடி தண்ணீரில் நின்றால்தான். சுற்றித் தண்ணீர் இருந்தால் நாயும் கீரியும் ஆளும் மரத்தடிக்கு வர முடியாது, அதுதான் கணக்கு. முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு சிறகு முளைத்துப் பறக்க இன்னும் இரண்டு மாதம். ஆக, நவம்பர் மழையில் நிறைந்த கண்மாய் பிப்ரவரி கடைசி வரையாவது மரத்தடியில் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். நடுவில் வற்றினால் கூட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு. மழை தாமதித்தால் எல்லாம் தள்ளிப்போகும். ரொம்பப் பெய்தாலும் ஒரு சங்கடம் இருக்கிறது: ஊரில் இருக்கிற எல்லாக் கண்மாயும் நிறைந்து, பறவைகளும் நாலா பக்கமும் பிரிந்துவிடும், ஒரே இடத்தில் கூட்டமாகப் பார்க்கக் கிடைக்காது.

அதனால் நான் சொல்வது இது. அரையாண்டுத் தேர்வு முடிகிற வரை எந்த முடிவும் வேண்டாம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் விசாரியுங்கள், பொங்கல் கழித்து ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடு வரை உள்ள சனிக்கிழமைகளில் ஒன்றைப் பிடியுங்கள். அப்போது கூட்டில் குஞ்சுகள் ஓரளவு வளர்ந்து, எட்டிப் பார்த்து, கத்தித் தீர்க்கும் நேரம். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், அதை ஒட்டி வைத்தால் பள்ளிப் பதிவேட்டிலும் அழகாக இருக்கும், மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பவும் ஒரு காரணம் கிடைக்கும் (இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தரவா வேண்டும்). பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பை அந்த நேரத்தில் தொட முடியாது, அதனால்தான் ஆறு முதல் ஒன்பது வரை என்றேன்.

விசாரிப்பது என்றால் யாரை? வனச்சரக அலுவலகத்துக்குக் கடிதம் எப்படியும் கொடுக்க வேண்டும், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற இடம், ஐம்பது பிள்ளைகளோடு திடுதிப்பென்று போய் நிற்கக் கூடாது. அங்கேயே எந்தக் கண்மாயில் கூடு இருக்கிறது என்று கேட்டுவிடலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கண்மாய்க்குப் பாசனம் பார்க்கிற நீர்பாய்ச்சியைக் கேளுங்கள், கண்மாய்க்கரை டீக்கடைக்காரரைக் கேளுங்கள், அந்த ஊர் ஊராட்சிப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். "மடையில எத்தனை அடி கிடக்கு, மரத்துல கூடு இருக்கா" என்ற இரண்டே கேள்வி. கடைசியாக, பொறுப்பாசிரியர் ஒருவர் பைக்கில் ஒரு நாள் விடிகாலை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வைகைத் தண்ணீரை எதிர்பார்க்கிற கண்மாய்கள் வேறு, மழையையும் வரத்துக்காலையும் மட்டுமே நம்பி இருக்கிறவை வேறு. ஒரே வருடத்தில் ஒன்று நிறைந்து இன்னொன்று காய்ந்து கிடப்பது நம்மூரில் சகஜம். போன வருடம் சித்திரங்குடியில் நன்றாக இருந்தது என்பதற்காக இந்த வருடமும் அங்கேயே போவது சரிவராது.

அடுத்து நேரம். பத்து மணிக்குப் பள்ளியில் கூடி, பிரேயர் முடித்து, பதினொன்றரைக்குக் கரையேறினால் வெயிலில் பிள்ளைகள்தான் வாடும். காலை ஆறரைக்குக் கரையில் இருக்க வேண்டும். கடலோரத்திலிருந்து வருகிறவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, மூன்று மணிக்கு லாந்தரோடு கடலுக்குப் போகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள். இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கம் நிலம் கடலைப் பார்த்துச் சரிகிறது, அதனால் கண்மாய்க்குக் கரை பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோதான் இருக்கும், தண்ணீர் மேற்கே பரந்து கிடக்கும். காலையில் கரையில் நின்று பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால், எதிரே மரங்களில் வெளிச்சம் நேராக விழும், கூழைக்கடாவின் தாடைப் பை வரை தெரியும். சாயங்காலம் போனால் கண் கூசும், எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும், நாரை எது அரிவாள் மூக்கன் எது என்று ஆசிரியருக்கே தடுமாறும்.

காலையில் போனால் இன்னொன்றையும் பார்க்கலாம். வெயில் ஏற ஏறத் தாய் நாரை கூட்டின் விளிம்பில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இரண்டு சிறகையும் விரித்துப் பிடிக்கும், குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நகரும். நிழல் நகர்ந்தால் அதுவும் கால் மாற்றி நகரும். கண்மாயில் போய்த் தண்ணீரைக் குடித்து வந்து குஞ்சுகள் மேல் வாயிலிருந்து ஊற்றும். தாய் தகப்பன் இரண்டும் முறை வைத்து இதைச் செய்யும். வளர்ந்த நாரை பெரும்பாலும் சத்தமே போடாது, அலகைப் படபடவென்று தட்டும், அவ்வளவுதான். கரையில் நிற்கும்போது காதை அடைக்கிற அந்த இரைச்சல் முழுக்கக் குஞ்சுகளுடையது. இதை ஒரு பிள்ளை பத்து நிமிடம் பார்த்தால் போதும், போன செலவு வரவாகிவிடும்.

இதனால்தான் கூச்சல் போடக் கூடாது என்கிறேன், பறவை பயப்படும் என்று பொத்தாம்பொதுவாக இல்லை. கை தட்டினாலோ விசில் அடித்தாலோ தாய்ப்பறவை எழும்பிவிடும். அது வட்டமடித்துத் திரும்பி வருகிற ஐந்து நிமிடத்தில் காக்கை வந்து முட்டையைத் தூக்கிவிடும், பருந்து குஞ்சைத் தூக்கிவிடும், சின்னக் குஞ்சு வெயிலில் காயும். இதைப் பிள்ளைகளிடம் முந்தின நாள் வகுப்பில் இப்படியே சொல்லிவிடுங்கள், அவர்களே ஒருவரை ஒருவர் அதட்டிக்கொள்வார்கள். பெரியவர்கள்தான் சிரமம். மெகாபோனை வேனிலேயே வைத்துவிட்டு வாருங்கள், சார். ட்ரோன் வைத்திருக்கிற சொந்தக்காரரை அழைத்து வராதீர்கள். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நாம் ஒரு காலைப் பொழுது விசில் அடிக்காமல் இருக்க முடியாதா என்ன.

சில்லறை விஷயங்கள், ஆனால் இதில்தான் டூர் கெடும். பெரிய பேருந்தைக் கண்மாய்ப் பாதைக்குள் விடாதீர்கள். கரிசல் மண், மேலே காய்ந்தது மாதிரி இருக்கும், டயர் ஏறினால் உள்ளே ஈரம், பிறகு டிராக்டர் தேட வேண்டும். தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. கருவை முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மறுபக்கம் வரும். கரையின் உள்சரிவில் யாரையும் இறங்க விடாதீர்கள், களி வழுக்கும், மடைக்குப் பக்கத்தில் ஆழம் தெரியாது. கரை மேல் ஒரே வரிசை, முன்னால் ஒரு ஆசிரியர், பின்னால் ஒருவர், அவ்வளவுதான் ஒழுங்கு. யூனிபார்மே போதும், கண்ணைப் பறிக்கிற சிவப்பு மஞ்சள் சட்டை மட்டும் வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது, நூறு பேருக்கு ஒன்று என்றால் சண்டைதான் வரும், அதனால் ஒரு தடவைக்கு ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை பற்றி யாரும் நோட்டீஸில் எழுதுவதில்லை, பெண் பிள்ளைகள் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். இதைச் சொல்லக் கூச்சப்படுவதில் அர்த்தமில்லை. கண்மாயை ஒட்டிய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முதலிலேயே எழுதிக் கேட்டு, போனதும் அங்கே பதினைந்து நிமிடம், கிளம்பும் முன்னால் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளி மரத்தடியிலேயே புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம், கரையில் சாப்பாடே வேண்டாம். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் 2019 முதல் தமிழ்நாட்டில் தடை, ஆனாலும் சுற்றுலா என்றால் மட்டும் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது. வீட்டுத் தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் போதும் என்று நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். முடிந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூடவே நடக்கச் சொல்லுங்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை என்று எந்தப் பலகையை விடவும் அவர்கள் நன்றாகச் சொல்வார்கள், நம் பிள்ளைகளுக்கும் வேறு ஊர்ச் சிநேகிதம் கிடைக்கும்.

அப்புறம் ஒரு கெஞ்சல். திங்கள்கிழமை வந்ததும் "நான் கண்ட பறவைகள் சரணாலயம்" என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுத வைக்காதீர்கள். அடுத்த டூருக்கே பிள்ளைகள் பயப்படுவார்கள். அதற்குப் பதிலாகக் கரையிலேயே ஆளுக்கொரு மரத்தைப் பிரித்துக் கொடுத்து, எத்தனை கூடு, எத்தனை குஞ்சு, எத்தனை தரம் தாய்ப்பறவை வந்து போனது என்று பதினைந்து நிமிடம் எண்ணி நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியாருக்கும் வேலை கிடைக்கும். கரைக்கு வெளிப்பக்கம் வயலில் அப்போது நெல் அறுப்பு நடக்கும், பக்கத்துக் கொல்லையில் முண்டு மிளகாய் நிற்கும். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று சம்சாரிகள் சொல்வதை அவர்கள் வாயாலேயே கேட்க வையுங்கள். சீமைக்கருவையை அடியோடு ஒழிக்க வேண்டுமா, கூடு இருக்கிற மரத்தை விட்டுவைக்க வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் நடக்கிற வாக்குவாதம், ஒன்பதாம் வகுப்பு என்றால் அதையும் பேச வைக்கலாம். என் கட்சி, கூடு உள்ள மரத்தைக் குஞ்சு பறக்கிற வரை யாரும் தொடக் கூடாது என்பது, பிள்ளைகள் வேறு சொன்னால் சொல்லட்டும்.

மழையே ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கடல் இருக்கிறது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். அங்கே தண்ணீர் கடல் தண்ணீர், மழை பெய்யாவிட்டாலும் இருக்கும். ஓதமும் காற்றும் எப்படி என்று மட்டும் முந்தின நாள் கேட்டுக்கொள்ள வேண்டும், லைஃப் ஜாக்கெட் போடாமல் ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது. ராமேசுவரம் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோவிலைச் சுற்றி ஆழமில்லாத உப்புத் தண்ணீர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது, பூநாரைகள் குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும். 2025இல் அவற்றுக்கென்றே தனுஷ்கோடியில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். கரையில் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும், செல்ஃபி எடுக்கக் கிட்டே போனால் அத்தனையும் எழும்பிவிடும். இந்த இரண்டும் மாற்று ஏற்பாடுதான். கண்மாய் நிறைந்திருக்கிற வருடத்தில் கண்மாயை விட்டுவிட்டு இங்கே வராதீர்கள், இது எங்கேயும் ஓடிப்போகாது.

ஆகவே நோட்டீஸை இப்படி அனுப்புங்கள். இடம்: மாவட்டத்துப் பறவைக் கண்மாய்களில் ஒன்று, மழை இல்லையென்றால் காரங்காடு. தேதி: பொங்கலுக்குப் பிறகு, ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிக்கப்படும். சம்மதக் கடிதத்தை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை அப்போது வாங்கிக்கொள்ளலாம். முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போகிற அனுமதிக் கடிதத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமைகளைச் சேர்த்தே குறிப்பிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வேன்காரர் முரண்டு பிடிப்பார், "தேதி சொல்லாம வண்டி எப்படி சார் ஒதுக்குறது" என்பார். கொடைக்கானலுக்கு ஆகிற டீசலில் கால் பங்குகூட ஆகாது, மத்தியானத்துக்குள் வண்டி வீடு திரும்பிவிடும், அன்றைக்கே சாயங்காலம் இன்னொரு சவாரி அடிக்கலாம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்களிடம் சொல்லுங்கள், மீன் வண்டி ஓட்டுகிறவர்கள் முதல் டிராவல்ஸ் வைத்திருக்கிறவர்கள் வரை எல்லோரும் அதில் இருக்கிறோம், வேன் பிடித்துத் தருவது எங்கள் பாடு.

இப்படிக்கு,
கடலோரத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பன்